ஹால் டிவிக்கு லினக்ஸ் கேமிங் பெட்டி: காசைக் கரைக்கும் தவறுகள்

மேசைக்குக் கம்ப்யூட்டர் சேர்க்கும்போது பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, ரேம் என்ற வரிசையில் யோசிப்போம். ஹாலுக்குச் சேர்க்கும்போது அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். படம் டிவியில் வரப்போகிறது, கன்ட்ரோலர் மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் இருக்கப்போகிறது, பெட்டி போய் உட்காரப்போவது காற்றோட்டம் குறைந்த டிவி அலமாரியில். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் தினமும் ஆடப்படும் கேம் லினக்ஸில் ஓடுமா என்று பாருங்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் உள்ள விண்டோஸ் கேம்களில் மிகப் பலவற்றை, வால்வ் நிறுவனத்தின் புரோட்டான் என்ற மென்பொருள் லினக்ஸில் அப்படியே ஓட்டிவிடும். தனியாக ஆடும் கேம்களில் கவலை குறைவு. ஆன்லைன் போட்டி கேம்கள்தான் கையை விரிக்கும். ஃபோர்ட்நைட், வாலரண்ட் இரண்டும் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸுக்குக் கதவை மூடினார்கள். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டு மோசடித் தடுப்பு மென்பொருள்களும் புரோட்டானில் இயங்கக்கூடியவை. ஆனால் கேமை உருவாக்கிய நிறுவனம் அதை அனுமதித்தால்தான் இயங்கும். அதனால் "பேட்டில்ஐ தானே, அந்த கேம் ஓடுகிறதே, இதுவும் ஓடும்" என்ற கணக்கு செல்லாது. புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொரு கேமின் பெயரையும் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஹெச்டிஎம்ஐ: அதிகம் பேர் விழும் குழி

டிவியில் 4கே 120 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது, கார்டின் பெட்டியில் ஹெச்டிஎம்ஐ 2.1 என்று எழுதியிருக்கிறது. இணைத்தால் அமைப்புகளில் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் வருவதில்லை, அல்லது 120 வந்தும் எழுத்துகளின் ஓரம் நிறம் கசிந்து மங்கலாகத் தெரிகிறது. கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்துபோவார்கள். கேபிளில் குறை இல்லை. ஏஎம்டி கார்டுகளுக்கான லினக்ஸ் டிரைவர் திறந்த மூலம். அதில் 2.1 வசதியைச் சேர்க்க ஏஎம்டி அனுமதி கேட்டபோது, அந்தத் தரத்தை வைத்திருக்கும் ஹெச்டிஎம்ஐ ஃபோரம் 2024 பிப்ரவரியில் மறுத்துவிட்டது. கார்டின் வன்பொருளால் முடிந்ததை டிரைவர் செய்யக் கூடாது என்ற நிலை உருவானது. பயனருக்குச் செய்த அநியாயம் இது.

2.1 இல்லாவிட்டால் பழைய 2.0 வேகம்தான் கிடைக்கும். அதன் விளைவைக் கணக்கில் பாருங்கள். 2.0 இணைப்பின் கொள்ளளவு நொடிக்கு 18 கிகாபிட், 2.1-க்கு 48. முழு நிறத் தகவலோடு 4கே 60 ஹெர்ட்ஸ் அனுப்பவே அந்த 18 கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். 120 வேண்டுமானால் நிறத் தகவலைக் கால்வாசியாகக் குறைத்து 4:2:0 முறையில்தான் அனுப்ப முடியும். எழுத்து மங்குவது அதனால்தான்.

வழிகள் மூன்று. உங்கள் டிவி ஏற்றுக்கொண்டால் 2560×1440, 120 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் குறையாமல் 2.0-க்குள் அடங்கும், மூன்று மீட்டர் தூரத்தில் பலருக்கு வித்தியாசமே தெரியாது. நடுத்தர கார்டுக்கு இதுவே சரியான வழி. இரண்டாவது, கார்டின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐ 2.1-க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர், அதாவது சிக்னலை மாற்றும் சிப் உள்ளே இருக்கும் வகை. பாஸிவ் வகையை வாங்கினால் காசு தண்டம். இந்த அடாப்டர்கள் ஒரு திசையில்தான் வேலை செய்யும். ஹெச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றும் எதிர்த்திசைப் பொருளும் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள். மாறும் புதுப்பிப்பு வீதமான விஆர்ஆர், பல அடாப்டர்களில் ஒழுங்காக வராது. மூன்றாவது என்விடியா கார்டு: அதன் சொந்த டிரைவர் லினக்ஸிலும் 2.1 தருகிறது. ஆனால் கன்ட்ரோலரை மட்டும் வைத்து இயக்கும் கேமிங் முகப்பு ஏஎம்டியில் ஓடும் அளவு சீராக என்விடியாவில் ஓடுவதில்லை. டிரைவர் நிலவரம் மாறக்கூடியது. வாங்கும் வாரத்தில் புதிய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) என்ன வந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிவி பக்கமும் சில வேலைகள் உண்டு. எல்லா ஹெச்டிஎம்ஐ துளைகளும் ஒரே திறன் கொண்டவை அல்ல. அந்தத் துளைக்கு உயர்திறன் சிக்னலை அமைப்புகளில் இயக்க வேண்டும், கேம் மோடு போட வேண்டும். திரையின் ஓரம் வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேனை அணைக்க வேண்டும்.

கன்ட்ரோலர் திக்கினால்

வைஃபை உள்ள மதர்போர்டோடு வரும் இரண்டு ஆன்டெனாக்களை "கேபிள் இன்டர்நெட் தானே" என்று பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். புளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். மாட்டாவிட்டால் இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து சிக்னல் சோபா வரை வராது. பட்டன் அழுத்தினால் தாமதம், இடையில் துண்டிப்பு. கன்ட்ரோலருக்கென யூஎஸ்பியில் செருகும் தனி டாங்கிள் வைத்திருப்பவர்கள் அதைப் பின்பக்க யூஎஸ்பி 3 துளையில், வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகுவது இன்னொரு தவறு. யூஎஸ்பி 3 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். கன்ட்ரோலர் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளை யூஎஸ்பி 2 துளையில் போட்டு, டாங்கிளை அலமாரிக்கு முன்பக்கம் கொண்டுவந்தால் தீர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் என்றால், அதன் ஃபர்ம்வேரை ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் முதலிலேயே புதுப்பித்துவிடுங்கள். அதற்கான செயலி லினக்ஸில் கிடையாது.

கன்ட்ரோலரை அழுத்தியதும் டிவியும் சேர்ந்து எழும் என்று எதிர்பார்க்காதீர்கள். கேம் கன்சோல்கள் ஹெச்டிஎம்ஐ-சிஇசி வழியாக அதைச் செய்கின்றன. கணினி கிராபிக்ஸ் கார்டுகளில் பெரும்பாலும் அந்த இணைப்பே இல்லை. வேண்டுமானால் யூஎஸ்பி சிஇசி அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். தூங்கும் கம்ப்யூட்டரைப் புளூடூத் கன்ட்ரோலரால் எழுப்புவதும் பல மதர்போர்டுகளில் நடக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் உள்ள கன்ட்ரோலருக்கு வாய்ப்பு அதிகம், பயாஸில் யூஎஸ்பி வழி எழுப்புதலை அனுமதித்திருந்தால்.

சூடும் சத்தமும்

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி கார்டு மட்டுமே 263 வாட். கதவு மூடிய அலமாரிக்குள் அதை வைத்தால் சுற்றிச் சுற்றி அதே சூடான காற்றைத்தான் இழுக்கும். ஃபேன் அலறும், பிறகு வேகம் குறையும். பின்பலகையை எடுத்துவிடுங்கள், அல்லது பெட்டியைத் திறந்த தட்டில் வையுங்கள். எல்ஏசிடி என்ற மென்பொருளால் கார்டின் மின்வரம்பைப் 10 சதவீதம் குறைத்தால் வேகம் கொஞ்சம்தான் குறையும், சத்தம் நன்றாகவே அடங்கும். சின்னக் கேபினட் வாங்கும் முன் கார்டின் நீளம், கூலரின் உயரம், அதில் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்துமா அல்லது எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவுதான் வேண்டுமா என்று மில்லிமீட்டர் கணக்கில் பாருங்கள்.

எந்த லினக்ஸ்?

பழகியது என்று டெபியன் 12 போடுவார்கள். அதன் கெர்னல் 6.1, 2025 மார்ச்சில் வந்த ஆர்எக்ஸ் 9070 கார்டை அதற்கு அடையாளமே தெரியாது. ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்ட பஸைட் போன்றது இந்த வேலைக்குப் பொருத்தம்: கெர்னலும், கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மெசாவும் புதிதாக இருக்கும், அப்டேட் கெடுத்துவிட்டால் பூட் மெனுவில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்துத் திரும்பலாம். நிறுவும் அன்று ஒயர் கீபோர்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

விண்டோஸில் ஏற்கெனவே இறக்கிய கேம்கள் உள்ள, என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) டிரைவை அப்படியே ஸ்டீமுக்குக் காட்டுவது கடைசித் தவறு. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி விண்டோஸ் கோப்புறை உருவாக்கும். அதற்குள் சி டிரைவுக்கான இணைப்பின் பெயரில் முக்காற்புள்ளி வரும். என்டிஎஃப்எஸ் டிரைவில் விண்டோஸ் அந்தக் குறியைக் கோப்புப் பெயரில் ஏற்காது. கேம் திறக்காமல் நிற்கும், சில நேரம் டிரைவின் கோப்பு முறையே பழுதாகும். கேம்களை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, அந்த டிரைவை லினக்ஸின் கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்து திரும்பப் போடுங்கள்.