மோனோரயில் நின்றுவிட்டால்

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்கு முழங்கால் வலிக்கார அம்மாவோடும் ஏழு வயது மகளோடும் போகிறவள் நான். அங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோரயில் பிடிக்கும், அதை மட்டும் நம்பி நேரம் குறிக்க மாட்டேன். 1971-லிருந்து ஓடுகிறது. வண்டிகள் ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், முன்னது நின்றால் பின்னதும் நிற்கத்தான் வேண்டும்.

மோனோரயிலும் படகும் கிளம்பும் டிக்கெட் சென்டரில் சாய்தளம் ஏறும் முன்பே, கீழே நிற்கும் ஊழியரிடம் "ஓடுகிறதா?" என்று கேளுங்கள். அம்மாவை மேலே ஏற்றி இறக்குவதைவிட ஒரு கேள்வி லேசு. தாமதம் என்றால் யோசிக்காமல் ஃபெர்ரி படகுக்குத் திரும்புங்கள். மேஜிக் கிங்டம் பூங்காவின் வாசலருகே இறக்கிவிடும். கோடை மதியம் மின்னல் வெட்டினால் மட்டும் படகும் நிற்கும், அப்போது பஸ்தான்.

கன்டெம்பரரி ஹோட்டலில் தங்கினால் கவலையே இல்லை, பூங்காவுக்குப் பத்து நிமிட நடை. கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டலிலிருந்தும் 2020 முதல் நடைபாதை உண்டு, கொஞ்சம் நீளம். பாலினீசியன் ஹோட்டலில் தங்குபவர்கள் டிக்கெட் சென்டருக்கு நடந்து ஃபெர்ரி பிடிக்கலாம்.

மோனோரயிலுக்குள்ளே மாட்டிக்கொண்டால்? கதவைத் தொடாதீர்கள், அறிவிப்பைக் கேளுங்கள். வண்டி நகரவே முடியாவிட்டால் டீசல் டிராக்டர் வந்து இழுத்துப்போகும். பெட்டியில் கழிவறை கிடையாது. அதனால் ஏறுமுன் மகளை, வேண்டாம் என்றாலும், ஒருமுறை கூட்டிப்போய்விடுவேன். பையில் தண்ணீர், கைவிசிறி, ஒரு பொட்டலம் முறுக்கு. சாப்பாட்டுக்கு மேசை பதிந்திருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவோம்.