பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும்போது கருதுகோள்களை எழுதும் முறை

பல குழுக்களின் சராசரிகள் சமமா என்று சோதிக்கும் மாறுபாட்டுப் பகுப்பாய்வைக் கற்கும் மாணவர்கள் கணக்கீட்டை ஒருவாறு செய்துவிடுகிறார்கள்; அதற்கு முன் எழுத வேண்டிய இன்மைக் கருதுகோள், மாற்றுக் கருதுகோள் என்ற இரண்டு வரிகளில்தான் தடுமாறுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் கடலோரத்தில் நமக்குப் பழகிய கரும்பையே எடுத்துக்கொள்வோம். டொங்காட் பக்கம் ஒரு விவசாயி நான்கு ரகங்களைப் பயிரிட்டிருக்கிறார். ஆலை விலை கொடுப்பதற்கு அடிப்படையான ஆர்.வி. சதவீதம் (கரும்பிலிருந்து மீட்கக்கூடிய மதிப்பு) ரகத்துக்கு ரகம் மாறுகிறதா என்று அறிய விரும்புகிறார்.

முதலில், எதன் சராசரி என்பதைச் சொற்களில் எழுதிவிட வேண்டும். சராசரியை மியூ என்ற கிரேக்க எழுத்தால் குறிப்போம். மியூ1 என்பது அந்த நிலத்தில் ஒரே வயதில் வெட்டப்படும் முதல் ரகக் கரும்பு முழுவதன் சராசரி ஆர்.வி. சதவீதம்; மற்ற மூன்றும் அவ்வாறே. சோதனைக்கு எடுத்த மாதிரிகளின் சராசரியை இங்கே எழுதக் கூடாது, ஏனெனில் அவை கண்முன் இருக்கும் எண்கள். அவை சமமா என்று அறியச் சோதனையே தேவையில்லை. வயதைக் குறிப்பிடுவதும் வீண் வேலையன்று: ஏறத்தாழ ஓராண்டில் வெட்டிய கரும்பையும் இரண்டாண்டு நின்ற கரும்பையும் கலந்துவிட்டால், வேறுபாடு ரகத்தால் வந்ததா வயதால் வந்ததா என்று பிறகு எந்தச் சூத்திரமும் பிரித்துச் சொல்லாது.

இன்மைக் கருதுகோள் எளிது: மியூ1 = மியூ2 = மியூ3 = மியூ4. நான்கும் சமம் என்பதோடு அது நின்றுவிடுகிறது; அந்தப் பொதுவான அளவு எவ்வளவு என்று அது கூறுவதில்லை.

மாற்றுக் கருதுகோளில்தான் சிக்கல். சமக் குறிகளையெல்லாம் சமமின்மைக் குறிகளாக மாற்றி, “நான்கும் வெவ்வேறு” என்று எழுதுவோர் பலர். நான்கு சராசரிகள் தமக்குள் சமமாகவோ வேறாகவோ அமையக்கூடிய வகைகளை எண்ணிப் பாருங்கள்: நான்கும் சமம் என்பது 1 வகை; மூன்று சமமாகி ஒன்று விலகுவது 4; இரண்டிரண்டாகப் பிரிவது 3; ஓர் இணை மட்டும் சமமாகி மற்ற இரண்டும் தனித்தனியே நிற்பது 6; நான்கும் வெவ்வேறு என்பது 1. ஆக மொத்தம் 15. இன்மைக் கருதுகோள் இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதால், மாற்றுக் கருதுகோள் எஞ்சிய 14ஐயும் தழுவ வேண்டும். “நான்கும் வெவ்வேறு” என்று எழுதினால் 13 வகைகள் எந்தப் பக்கமும் சேராமல் போகின்றன.

பாடநூல்களில் அடிக்கடி காணப்படும் “குறைந்தது ஒரு சராசரி மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது” என்ற வாக்கியமும் எனக்கு முழு நிறைவு தருவதில்லை. முதல் இரண்டு ரகங்கள் ஓரளவிலும் கடைசி இரண்டு வேறோரளவிலும் இருந்தால், மற்ற மூன்றிலிருந்தும் விலகி நிற்கும் சராசரி ஒன்றுகூட இல்லை. ஆயினும் இன்மைக் கருதுகோள் பொய்யே. ஆகவே “குறைந்தது ஓர் இணையிலாவது சராசரிகள் வேறுபடுகின்றன” என்றோ, “நான்கு சராசரிகளும் சமம் அல்ல” என்றோ எழுதுவதே பிழையற்றது.

மாறுபாட்டுப் பகுப்பாய்வில் குழுக்களுக்கு இடையேயான மாறுபாட்டைக் குழுக்களுக்குள் உள்ள மாறுபாட்டோடு ஒப்பிடும் எஃப் சோதனையில் வலப்பக்க வால் (பெரிய எஃப் மதிப்புகளின் பக்கம்) மட்டும் பயன்படுகிறது என்பதைக் கண்டு மாற்றுக் கருதுகோளில் “அதிகம்” என்று எழுதிவிடக் கூடாது. எந்தத் திசையில் விலகினாலும் எஃப் மதிப்பு உயரவே முற்படும். நான்கு ரகங்களை ஆறு இணைகளாக்கி ஒவ்வொன்றுக்கும் 5 சதவீத மட்டத்தில் இரு சராசரிகளை மட்டும் ஒப்பிடும் டி சோதனை செய்வதும் இதற்கு ஈடாகாது. ஆறும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் ஓரிடத்திலாவது தவறாக வேறுபாடு காணும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம் ஆகிறது. இணைகள் சார்புடையவை என்பதால் அது சற்றுக் குறையுமே தவிர, 5க்கு இறங்காது.

இரு வரிகளையும் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பி மதிப்பு (இன்மைக் கருதுகோள் உண்மையானால், கண்ட அளவோ அதைவிட அதிகமாகவோ வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்கு மேல் வந்தால் “ரகங்கள் சமம்” என்று முடிக்காமல், “வேறுபாடு உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை” என்று எழுதவும். கீழே வந்தால், வேறுபடும் இணை எது என்பதை எஃப் சோதனை சொல்லாது. அதற்கு இணை இணையாக ஒப்பிடும் டூக்கி சோதனைக்குச் செல்ல வேண்டும், அங்கே ஒவ்வோர் இணைக்கும் தனித்தனி இன்மைக் கருதுகோள் எழுதப்படும்.