எண்ணெயை ஒதுக்கிவிட்டு ஏற்றுமதியைக் கணக்கிடுவது எப்படி?

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகள், ஒப்படைப்புக்காக எண்ணெய் ஏற்றுமதி நாடான அஸர்பைஜானின் ஏற்றுமதியை அலசிவிட்டு, "மாமா, எண்ணெய் விலை விழுந்த வருஷத்துலதான் இந்த நாடு நிறையப் பொருள்கள்ல முன்னேறின மாதிரி தெரியுது, எப்படி?" என்று கேட்டாள். அதே கேள்வியில் நானும் ஒருமுறை இரண்டு வாரம் சிக்கியிருந்ததால் வழிமுறையை எழுதிவைக்கிறேன்.

முதலில், ஐநாவின் வணிகப் புள்ளிவிவரத் தளமான காம்ட்ரேட்டிலிருந்து அந்நாட்டின் ஏற்றுமதியையும் உலக ஏற்றுமதியையும், ஒவ்வொரு பொருள்வகைக்கும் தரப்படும் நான்கு இலக்கச் சுங்கக் குறியீட்டு அளவில் இறக்கிக்கொள்ளுங்கள். விரிதாளுக்கு லிபர்ஆபிஸ் கால்க் என் தேர்வு. கோப்பைத் திறக்கும்போதே குறியீட்டுப் பத்தியை 'உரை' என்று குறித்துவிடலாம். இல்லாவிட்டால் தக்காளியின் 0702 என்பது 702 ஆகிவிடும்.

அடுத்து, பொருளியலாளர் பேலா பலாஸா 1965இல் முன்வைத்த விகிதம். நாட்டின் மொத்த ஏற்றுமதியில் ஒரு பொருளின் பங்கை, உலக ஏற்றுமதியில் அதே பொருளின் பங்கால் வகுங்கள். விடை 1ஐத் தொட்டால் அப்பொருளில் நாட்டுக்குத் திறன் உண்டு என்று கொள்வது வழக்கம்.

சிக்கல் இந்த வகுத்தலில்தான் இருக்கிறது. ஒரு நாடு 90 வெள்ளிக்கு எண்ணெயும், 1 வெள்ளிக்குப் பழங்களும், 9 வெள்ளிக்கு மற்றவையும் விற்பதாகவும், உலக ஏற்றுமதியில் பழங்களின் பங்கு 1.2 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். விகிதம் 0.83. எண்ணெய் விலை பாதியானால் மொத்தம் 55 வெள்ளியாகக் குறைந்து, உலகப் பங்கு மாறாதிருந்தால், விகிதம் ஏறக்குறைய 1.5 ஆகிவிடும். ஒரு கிலோ பழம்கூட அதிகமாக விற்கப்படவில்லை. ஆனால் அட்டவணையில் ஒரு புதிய திறன் முளைத்துவிட்டது. 2014 நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த பிரெண்ட் எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழ் இறங்கியதை நினைத்தால், அக்காள் மகளின் குழப்பம் விளங்கும்.

இதற்கான தீர்வு சிங்கப்பூரர்களுக்குப் புதிதல்ல. மாதந்தோறும் செய்தியில் வரும் 'எண்ணெய் சாரா உள்நாட்டு ஏற்றுமதி' இதே எண்ணத்தில் அமைந்ததுதான். கனிம எரிபொருள்களுக்கான 27ஆம் அத்தியாயத்தை (27 என்று தொடங்கும் சுங்கக் குறியீடுகளை) நாட்டின் மொத்தத்திலிருந்தும் உலக மொத்தத்திலிருந்தும் நீக்கிவிட்டு, மூன்றாண்டுச் சராசரியில் விகிதத்தைக் கணக்கிடுங்கள். வகுக்கும் தொகை சிறிதாகிவிடுவதால் விகிதங்கள் பெரிதாகத் தெரியும். ஆகவே அதே நாட்டின் ஆண்டுகளை ஒப்பிட மட்டுமே இதைப் பயன்படுத்துங்கள். விற்ற சரக்கின் எடையையும் தவறாமல் பாருங்கள். எடை கூடியிருந்தாலும் காரணம் வெளியிலிருந்து வந்திருக்கலாம்: துருக்கித் தக்காளிக்கு ரஷ்யா 2016 தொடக்கத்தில் விதித்த தடை, அஸர்பைஜான் விவசாயிகளுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது.

இதன் பிறகே ஆய்வாளர்கள் ஹிடால்கோவும் ஹௌஸ்மனும் 2009இல் விளக்கிய இரண்டு எண்ணிக்கைகளுக்குப் போக வேண்டும்: ஒரு நாடு திறனோடு விற்கும் பொருள்கள் எத்தனை, ஒரு பொருளைத் திறனோடு விற்கும் நாடுகள் எத்தனை. கச்சா எண்ணெயைச் சில நாடுகளே விற்பதற்கு நிலத்தடி வளமே காரணம், நுட்பமன்று. அந்நாடுகள் வேறு எத்தனை பொருள்களை விற்கின்றன என்று சேர்த்துப் பார்த்தால்தான் அது நிறைய நுட்பம் தேவைப்படும் 'சிக்கலான' பொருளன்று என்பது புலப்படும்.

பின்சேர்க்கை: ஒப்பீட்டுக்குச் சிங்கப்பூரைச் சேர்த்த வாசகர் ஒருவருக்கு எண்கள் மிக உயர்வாக வந்தன. அவர் மறு ஏற்றுமதியையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தார். இங்கு இறங்கி மறு கப்பலில் ஏறும் சரக்கு நம் உற்பத்தித் திறனைக் காட்டாது. உள்நாட்டு ஏற்றுமதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.