தொண்டை செருமல் நிக்கலையா? சாப்பாட்டை சந்தேகப்படும்போது பண்ற தப்புங்க

தொண்டையில ஏதோ ஒட்டிக்கிட்டே இருக்கு, செருமிக்கிட்டே இருக்கோம், காலைல குரல் கம்முது, நெஞ்சும் எரியுது. மாசக்கணக்கா அசிடிட்டி மாத்திரை போட்டும் கேக்கலன்னா உடனே டோஸை நீங்களா ஏத்திக்கிறது தான் முதல் தப்பு. அதுக்காக திடீர்னு நிறுத்தவும் வேணாம், நிறுத்தினதும் ஆசிட் இன்னும் அதிகமா சுரந்து படுத்தும், டாக்டர்கிட்ட கேட்டு குறைங்க.

சிலருக்கு ஆசிட் மட்டுமே காரணமா இருக்காது, சாப்பிடற பொருள் ஒத்துக்காம உணவுக்குழாயோட உள்பக்கமே வீங்கியிருக்கும், இதுக்கு இயோசினோஃபிலிக் ஈசோஃபேஜைட்டிஸ்னு பேரு, பாலும் கோதுமையும் தான் இதுக்கு அடிக்கடி காரணமா இருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சு இறக்கறது, ரொட்டிய பொடிசா பிச்சு ரொம்ப நேரம் மெல்லறது, இதெல்லாம் இருந்தா கவனிங்க, வீட்ல இருக்கறவங்க "அவங்க மெதுவா தான் சாப்பிடுவாங்க"ன்னு வருஷக்கணக்கா விட்டுடுவாங்க. எண்டோஸ்கோபில கண்ணுக்கு நார்மலா தெரிஞ்சாலும் பயாப்ஸி, அதாவது உள்பக்கத்துல சின்ன துணுக்கு எடுத்து சோதிச்சா தான் இது தெரியும், அதனால பயாப்ஸி எடுத்தாங்களான்னு கேட்டுடுங்க.

அடுத்தது, ஒரே நாள்ல பால், கோதுமை, முட்டை, சோயா எல்லாத்தையும் நிறுத்திடறது. கொஞ்சம் சரியானாலும் எதனாலன்னு தெரியாது, உடம்பு தான் இளைக்கும். ஒன்னொன்னா போங்க, பால்ல ஆரம்பிக்கலாம். லாக்டோஸ் இல்லாத பாலுக்கு மாறினா பால நிறுத்தினதா ஆகாது, சர்க்கரை தான் போயிருக்கு, புரோட்டீன் அப்படியே இருக்கு. பிஸ்கட் கவர்லயும் வே, கேசின்னு போட்டிருக்கான்னு பாருங்க, ரெண்டும் பால் புரோட்டீன் தான். நாலு நாள் பாத்துட்டு விட்டுடாதீங்க, உணவுக்குழாய் வீக்கம் வடிய குறைஞ்சது ஆறு வாரம் ஆகும்.

கோதுமைய நிறுத்தறதுக்கு முன்னாடியே சீலியாக் (கோதுமைல இருக்கற குளூட்டனால சிறுகுடல் கெடற வியாதி) டெஸ்ட் எடுத்துடுங்க, ப்ளீஸ். நிறுத்திட்டு எடுத்தா வியாதி இருந்தும் இல்லன்னு வரலாம்.

எந்த சாப்பாடு ஒத்துக்கலன்னு கண்டுபிடிக்க காசு கொட்டி ஐஜிஜி (IgG) ரத்த டெஸ்ட் எடுக்காதீங்க, நீங்க அந்த பொருள சாப்பிட்டிருக்கீங்கன்னு தான் அது சொல்லும், ஒத்துக்கலன்னு சொல்லாது.

சரியானதும் அப்படியே காலம்பூரா ஒதுக்கி வைக்கிறதும் தப்பு தான், திரும்ப சேத்து பாத்தா தான் உறுதியாகும். ஆனா சாப்பிட்டதும் உதடு வீங்கி மூச்சு திணறினவங்க இத வீட்ல பண்ணவே கூடாது. குழந்தைங்களுக்கும் டயட்டீஷியன் இல்லாம எதையும் நிறுத்தாதீங்க.

எடை குறையுது, ரத்த வாந்தி, மலம் கருப்பா போகுதுன்னா டயட் சோதனையெல்லாம் வேணாம், உடனே டாக்டர பாருங்க. சாப்பாடு சிக்கி எச்சில் கூட இறங்கலன்னா நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க.