ஆபீஸிலேயே வெப், மெயில் சர்வர்: முதலில் லைனைப் பாருங்கள்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையின் அலுவலகம், தருமபுரியில் ஆடிட்டர் ஆபீஸ், ஓசூரில் பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறை. இந்த அளவு ஆபீஸ்கள் தங்கள் வெப்சைட்டையும் மெயிலையும் சொந்த சர்வரில் நடத்துவதற்கான செய்முறை இது. டொமைன் வாங்கியாயிற்று, லினக்ஸ் நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். 8 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப் தாராளமாகப் போதும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிவிட்டு, இரண்டு புது எஸ்எஸ்டி போட்டு ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தகவல் பதியும் முறை) அமையுங்கள்.

சாஃப்ட்வேரில் கை வைக்கும் முன் ரவுட்டருக்குள் போய் வான் ஐபியை (இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தந்திருக்கும் முகவரியை) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் உங்கள் லைன் சிஜிநாட்டுக்குப் பின்னால், அதாவது பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாட்டில், இருக்கிறது. வெளி இணைப்பை சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை போட்டாலும் வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர முடியாது. உங்களுக்கே உரிய, மாறாத ஸ்டாட்டிக் ஐபி வாங்கியே ஆகவேண்டும். வாங்கும்போது இன்னும் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: 25-ஆம் போர்ட்டில் மெயில் வெளியே போகுமா, நாங்கள் சொல்லும் பெயருக்கு பிடிஆர் ரெக்கார்டு (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் டிஎன்எஸ் பதிவு) போட்டுத் தருவீர்களா?

பெரும்பாலானோர் சிக்குவது இந்த பிடிஆரில்தான். டொமைன் வாங்கிய இடத்தில் இதைத் தேடிப் பயனில்லை. ஐபி யாருடையதோ அவர்கள்தான் போட முடியும். லைன் இழுக்க வருபவரிடம் கேட்காமல், இணைய நிறுவனத்தின் டெக்னிக்கல் பிரிவுக்கு எழுதுங்கள். உதாரணமாக, உங்கள் ஐபி 203.0.113.25 என்றால் அதன் பிடிஆர் 'மெயில்.உங்கள்பெயர்.இன்' என்று காட்ட வேண்டும். அந்தப் பெயரின் ஏ ரெக்கார்டு (பெயரிலிருந்து ஐபியைக் காட்டும் பதிவு) அதே ஐபிக்குத் திரும்ப வேண்டும். மெயிலை அனுப்பி வாங்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில், சர்வர் தன் பெயராகச் சொல்லும் மைஹோஸ்ட்நேமும் அதே பெயராக இருக்க வேண்டும். பிடிஆர் இல்லாமல் அனுப்பினால் ஜிமெயில் 550 5.7.25 என்ற எண்ணோடு திருப்பியடிக்கும். பிடிஆரெல்லாம் சரியாக இருந்தும் அதே எண் வந்தால் புது வகை ஐபி முகவரியான ஐபிவி6-ஐச் சந்தேகியுங்கள். மெயில் அந்த வழியாகப் போயிருக்கும், அந்த முகவரிக்கு பிடிஆர் இருக்காது. போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-க்கு மட்டும் கட்டிப்போட்டால் தீர்ந்தது.

25-ஆம் போர்ட்டோ பிடிஆரோ கிடைக்கவில்லையா? போராடாதீர்கள். வெப்சைட்டும் உள்வரும் மெயிலும் ஆபீஸில் இருக்கட்டும். வெளியே போகும் மெயிலை மட்டும் 587 வழியாகக் கட்டண ரிலே (மெயிலை வாங்கி உரியவருக்கு அனுப்பிவைக்கும்) சேவைக்குத் தள்ளுங்கள்.

டெபியன் லினக்ஸ், வெப்சைட்டுக்கு என்ஜின்எக்ஸ், மெயிலுக்கு போஸ்ட்ஃபிக்ஸ், மெயில் பெட்டிகளுக்கு டவ்காட், ஸ்பாமை வடிகட்ட ஆர்ஸ்பாம்டி. என் தேர்வு இவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் நிறுவித் தரும் கன்ட்ரோல் பேனல்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஏதாவது உடைந்தால் எந்த ஃபைலில் கோளாறு என்று தேடுவதற்கே பாதி நாள் போய்விடும். ரவுட்டரில் 25, 80, 443, 465, 587, 993 ஆகியவற்றைத் திறந்தால் போதும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் 22-ஐ வெளியே திறக்கவே வேண்டாம்.

டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் (உங்கள் மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்ற பதிவு) போட்டபின் எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்ற பதிவு). ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. மெயிலில் கையொப்பமிடும் டிகிம் சாவியை 2048 பிட்டில் உருவாக்குங்கள். அது 255 எழுத்தைத் தாண்டும் என்பதால் டிஎக்ஸ்டி ரெக்கார்டில் இரண்டு மேற்கோள் துண்டுகளாக உடைத்துப் போட வேண்டும். சில டிஎன்எஸ் பக்கங்கள் தாமே உடைத்துக்கொள்ளும், சில சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும். சேமித்தபின் வெளியிலிருந்து ஒருமுறை தேடி, கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் 'நன்' (ஒன்றும் செய்யாதே) என்று வைத்து, அறிக்கைகளைப் பார்த்தபின் இறுக்குங்கள்.

இணைப்பைப் பாதுகாக்க இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ஆயுள் 90 நாள். சர்ட்பாட் என்ற மென்பொருள் அதைத் தானாகவே புதுப்பித்துவிடும், ஆனால் டவ்காட் பழைய சான்றிதழையே பிடித்துக்கொண்டிருக்கும். வெப்சைட் நன்றாக ஓடும்போது அவுட்லுக் மட்டும் எச்சரித்தால் காரணம் இதுதான். புதுப்பித்ததும் டவ்காட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் ரீலோட் செய்யும் ஒரு ஹூக்கை (தானாக ஓடும் கட்டளையை) சர்ட்பாட்டில் சேர்த்துவிடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் மெயில் தொலைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அனுப்பிய சர்வர்கள் வழக்கமாக நான்கைந்து நாள் விடாமல் முயலும். வெப்சைட்தான் படுத்துவிடும். யூபிஎஸ்ஸில் சர்வரை மட்டும் மாட்டாமல் ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் சேர்த்து மாட்டுங்கள். பேட்டரி தீரும் முன் சர்வர் தானாக அணைய யூஎஸ்பி கேபிளையும் இணைத்து, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (NUT) மென்பொருளை நிறுவுங்கள்.

பிற்சேர்க்கை: ஆபீஸ் பிரின்டர் மெயில் அனுப்ப வேண்டும் என்பதற்காக 192.168.1.0/24 (ஆபீஸ் நெட்வொர்க்) முழுவதையும் போஸ்ட்ஃபிக்ஸின் மைநெட்வொர்க்ஸில் (பாஸ்வேர்டு கேட்காமல் அனுப்ப விடும் பட்டியலில்) சேர்த்துவிடுகிறார்கள். சேர்க்காதீர்கள். சில ரவுட்டர்களில் போர்ட் ஃபார்வர்டு செய்தால் வெளியிலிருந்து வரும் இணைப்பும் 192.168.1.1 என்றே சர்வருக்குத் தெரியும். அப்போது உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் வழியாக ஸ்பாம் அனுப்பலாம், ஐபி கருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். மெயில் லாக்கில் வெளி ஆட்களின் உண்மையான ஐபி பதிவாகிறதா என்று முதலில் பாருங்கள். பிரின்டருக்குத் தனியாக ஒரு பயனர் பெயர், பாஸ்வேர்டு உருவாக்கி 587 வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.