பூங்கா நினைவுத் தூண்களைப் பராமரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு நகரப் பூங்காவில், பழைய நினைவுத் தூண் ஒன்றைச் சுற்றி இளைஞர்கள் நால்வர் ஆர்வத்தோடு வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒருவர் கையில் கம்பித் தூரிகை இருந்தது. இன்னொருவர் எழுத்துகளுக்குப் பூச வண்ணம் கலக்கிக்கொண்டிருந்தார். தூணின் அடியில் கொட்டுவதற்கென்று இரண்டு மூட்டை சிமெண்ட் தயாராக இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே மூன்றையும் நல்ல எண்ணத்தோடு செய்தவன் என்பதால், அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அன்று அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். தூணில் பெயர் கிறுக்கக் கூடாது, விளம்பரத் தட்டி கட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவையாகையால் அவற்றைச் சொல்லப் போவதில்லை.

கம்பித் தூரிகையும் அமிலமும்

மறவர்கள் அம்பைத் தீட்டித் தீட்டித் தேய்த்ததால் நடுகல்லின் எழுத்து சிதைந்து, வழிப்போக்கரால் அதைச் சேர்த்துப் படிக்க முடியாமல் போனதை அகநானூற்றுப் பாட்டு ஒன்று சொல்கிறது. கம்பித் தூரிகை செய்வதும் அதே வேலைதான். கருங்கல்லில் உளி வெட்டிய எழுத்தின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கிறதோ அவ்வளவுதான் அதன் ஆயுள். விளிம்பு மழுங்கியபின் பக்கவாட்டு வெளிச்சத்தில்கூட எழுத்து நிழல் தராது. கழிவறை கழுவும் அமிலம் சலவைக்கல்லைக் கரைத்துவிடும். கருங்கல்லிலோ, உள்ளிருக்கும் இரும்புத் தாதுக்களை வெளியே இழுத்துத் துருநிறக் கறையை உண்டாக்கும். அந்தக் கறையைப் போக்குவது முதலில் இருந்த பாசியைப் போக்குவதைவிடக் கடினம். நல்ல தண்ணீர், மென்மையான நைலான் தூரிகை, நுனி மழுங்கிய மூங்கில் குச்சி ஆகிய மூன்றும் போதும். கல்லில் ஒட்டியிருக்கும் பாசியை முதல் நாள் மாலையே நனைத்து வைத்தால், மறுநாள் காலையில் குச்சி பட்டதும் பெயர்ந்து வரும்.

எழுத்துகளுக்கு வண்ணம் பூசுவது

நாடு விடுதலை பெற்ற வெள்ளிவிழாவையொட்டி 1972–73இல் நடப்பட்ட, அந்தந்த வட்டாரத்துத் தியாகிகளின் பெயர்களைத் தாங்கிய தூண்களைப் பல ஊர்களில் காணலாம். அவை வெட்டப்பட்ட காலத்தில் தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அதற்கான அரசாணை 1978இல்தான் வந்தது. ஆகவே ‘அண்ணாமலை’ என்ற பெயரில் ணாவுக்குத் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்து சுழிந்திருக்கும். லைக்கு முன்னால் இரட்டைச் சுழி இராது, ல மீது துதிக்கை போன்ற வளைவு இருக்கும். அந்த வடிவங்களைப் பள்ளியில் கண்டிராத இளம் ஓவியர் ஒருவர், தமக்குத் தெரிந்த எழுத்தாக அவற்றை ஊகித்து வண்ணம் பூசியதில், ஒரு தியாகியின் பெயர் யாருடைய பெயராகவும் இல்லாமல் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கீழே வெட்டு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பளிச்சென்ற எனாமல் கோடு இருக்கும்போது வெட்டை யாரும் பார்ப்பதில்லை. அடுத்து வெளிவந்த விழா மலரிலும் அந்தப் பிழையான பெயரே அச்சாயிற்று.

தூணின் காலைச் சிமெண்டில் புதைப்பது

இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான்.

பூங்காவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய தளத்தைப் பெயர்த்தெடுக்காமல் அதன் மேலேயே மண்ணும் மணலும் கொட்டி, புதிய நடைபாதைக் கற்களைப் பதிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான்கைந்து விரற்கடை உயர்ந்தால், மூன்று முறை புதுப்பித்தபின் தூணின் அடியில் ஒரு சாணோ அதற்கு மேலோ மண்ணுக்குள் போய்விடும். போதாததற்குத் தூண் சற்றே சாய்ந்திருந்தால், விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றிவிடுகிறார்கள். நினைவுக் கற்களில் ஆண்டு, நட்டவர் பெயர், மாண்டவர் தொகை போன்றவை பெரும்பாலும் கடைசி வரிகளிலேயே இருக்கும். முதலில் மறைவதும் அந்த வரிகள்தான்.

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூர்ப் பூங்காவில், முதல் உலகப் போருக்குச் சென்றவர்களுக்கான சலவைக்கல் பலகை பதித்த கருங்கல் தூண் ஒன்று இருந்தது. இத்தகைய பலகைகள் நம் நாட்டின் பல ஊர்களில் உள்ளன. அவற்றின் வாசகமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும் போருக்கு இத்தனை பேர் சென்றனர் என்பது முதற்பகுதி. அவர்களுள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்பது கடைசி வரி. பெயர்கள் எதுவும் இல்லை, இரண்டு எண்கள் மட்டுமே. அந்தத் தூண் இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது. என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார்கள். ஒன்றரை அடி உயரத்துக்குக் கான்கிரீட் போடச் சொன்னவன் நானே. வேலை நடந்தபோது கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஐயா, கீழே ஒரு வரி எழுத்து உள்ளே போகுதுங்களே, பரவாயில்லைங்களா?” என்று கேட்டார். படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஊற்றுங்கள் என்றேன்.

ஆறு ஆண்டுகள் கழித்து, அந்த வட்டாரத்திலிருந்து போருக்குச் சென்றவர்களைப் பற்றி ஆய்வு செய்த மாணவி ஒருவர் அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வந்தார். என் படத்தை எடுத்துப் பார்த்தேன். நண்பகலில் எடுத்த படம். கடைசி வரிமேல் புல்லின் நிழல் விழுந்து, அங்கே எழுத்து இருக்கிறது என்பது மட்டுமே தெரிந்தது. கான்கிரீட்டை உடைத்துப் பார்க்கலாம் என்று போனோம். சிமெண்ட், சலவைக்கல்லை இறுகப் பற்றியிருந்தது. சின்ன உளியால் எவ்வளவு பதமாகத் தட்டியும், பெயர்ந்து வந்த துண்டோடு கல்லின் மேற்பரப்பும் சேர்ந்தே வந்தது. ‘உயிர்’ என்ற சொல்லைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் நான்கைந்து மிஞ்சின. எண் இருந்த இடம் மாவாக உதிர்ந்தது. அந்த ஊர் இழந்தவர்களின் கணக்கு அந்தக் கல்லில் இருந்தது, இப்போது இல்லை. கொத்தனாருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

எழுத்து மறைவது பாதிக் கேடுதான். மண்ணிலுள்ள ஈரம் கல்லுக்குள் ஏறிக்கொண்டே இருப்பது இயல்பு. சுற்றிலும் வெறும் மண்ணாக இருந்தால் அது பெருமளவும் மண் வழியாகவே ஆவியாகிவிடும். சிமெண்ட் வளையத்தால் அந்த வழியை அடைத்துவிட்டால், ஈரம் வளையத்துக்கு மேலே உள்ள கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அப்படி வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது; நீர் ஆவியானபின் உப்பு கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகி, தோலை உள்ளிருந்தே தள்ளிப் பெயர்க்கிறது. நல்ல கருங்கல் இதை நெடுங்காலம் தாங்கும். மணற்கல்லும் சலவைக்கல்லும் தாங்குவதில்லை. புல்வெளிக்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரைத் தெளிக்கும் குழாய், நாள்தோறும் தூணையும் சேர்த்து நனைத்தால் கேடு இன்னும் விரைவாக வரும். தூணின் அடியில் வெண்பொடி பூத்திருப்பதைக் கண்டால், முதலில் அந்தக் குழாயின் திசையைத் திருப்புங்கள்.

சரியான வழி மெதுவானது. தூணின் உச்சியிலிருந்து தரைவரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கையால், கடப்பாரை இல்லாமல், சிறுகரண்டியால் மண்ணை விலக்கிக்கொண்டே போனால், ஓரிடத்தில் கல்லின் வழவழப்பு முடிந்து, உளி கொத்திய கரடுமுரடான பகுதி தொடங்கும். மண்ணுக்குள் இருக்கப் போகும் பகுதியைக் கல்தச்சர் பெரும்பாலும் செதுக்கி மெருகேற்றுவதில்லை. ஆகவே அந்த எல்லைக் கோடே தூணை நட்ட காலத்துத் தரைமட்டத்தைக் காட்டும். தரையை அங்கே இறக்கிவிட்டு, சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்குச் சரளை நிரப்பினால் மழைநீர் தேங்காது. சாய்வு இருந்தால், உடனே எதுவும் ஊற்றாமல், தூக்குக் குண்டு கட்டி ஒரு மழைக்காலம் முழுக்க அளந்து பாருங்கள். பல தூண்கள் சாய்ந்த நிலையிலேயே பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கின்றன. அசைவு உண்மையிலேயே இருந்தால், மண்ணுக்குள் இருக்கும் அந்தக் கரடுமுரடான பகுதியை மட்டும் கல் ஜல்லியும் சுண்ணாம்புச் சாந்தும் இட்டு இறுக்குங்கள். எழுத்துள்ள பகுதியைச் சாந்து தொடவே கூடாது.

இரும்புக் கம்பி

உடைந்த தூணை இரும்பு ஆணி கொண்டு இணைக்காதீர்கள். துரு பிடித்த இரும்பு பருத்துக் கல்லைப் பிளக்கும். ஏதென்ஸ் நகரின் பார்த்தினான் கோயிலைக் கட்டிய பண்டைய கிரேக்கர்கள் இரும்புப் பற்றுகளைச் சுற்றி ஈயம் ஊற்றியிருந்தார்கள்; 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைப் புதுப்பித்த பொறியாளர் பலானோஸ் ஈயமில்லாத இரும்பை வைத்ததால் சலவைக்கற்கள் வெடித்தன. பின்னர் வந்தவர்கள் அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்தார்கள்.

ஒரு முகத்தை மட்டும் படிப்பது

தூணுக்கு நான்கு முகங்கள் உண்டு.

நண்பகலில் படம் எடுப்பது

காலை ஏழு மணிக்கு வாருங்கள். முடியாவிட்டால் இரவில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள்.

குறிப்பெடுக்காமல் இடம் மாற்றுவது

சாலை விரிவாக்கத்துக்காகத் தூணை வேறு பூங்காவுக்குக் கொண்டுபோக நேர்ந்தால், 14ஆம் நூற்றாண்டில் டெல்லி சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக், இன்றைய ஹரியானாவில் உள்ள தோப்ராவிலிருந்து அசோகர் தூணை டெல்லிக்குக் கொண்டுவந்த முறையை நினைவில் கொள்ளுங்கள். இலவம்பஞ்சு மெத்தைமேல் தூணைச் சாய்த்து, நாணலும் பதப்படுத்தாத தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகு வழியாகக் கொண்டுவந்ததாக அக்கால வரலாறு எழுதிய அபீப் குறிப்பிடுகிறார். அந்தத் தூணின் பிராமி எழுத்தை அன்று படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமியைப் படித்துக் காட்டியபோது, எழுத்து படிக்கும் நிலையில் இருந்தது.

தூணைக் கிளப்பும் முன் எந்த முகம் எந்தத் திசையை நோக்கியிருந்தது, அருகே என்ன இருந்தது, தரைக்கு மேல் எவ்வளவு தெரிந்தது ஆகியவற்றை எழுதிக்கொண்டு, வடக்கு முகத்தில் ‘வ’ என்று எழுதிய துணிப்பட்டையைக் கட்டுங்கள். கல்லின்மேல் நேரடியாக எதையும் எழுத வேண்டாம்.