மும்பையிலிருந்து கடல் ரிக் வேலைக்குச் செல்ல விரும்புவோருக்கு

தாராவியிலும் செம்பூரிலும் ஐ.டி.ஐ. முடித்த நம் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது ரிக்கில், அதாவது கடலில் எண்ணெய்க் கிணறு துளையிடும் மேடையில், கிடைக்கும் சம்பளத்தைப் பற்றித்தான். எந்தத் தொழிலில் ஏறுகிறோம் என்பதை முடிவு செய்யாமல் சம்பளத்தைப் பேச முடியாது. துளையிடும் பிரிவில் கீழ்ப்படி ரவுஸ்டபௌட். பாரம் ஏற்றுவது, இறக்குவது, தளத்தைக் கழுவுவது அவர் வேலை. அங்கிருந்து ஃப்ளோர்மேன் (துளையிடும் தளத்தில் குழாய்களைக் கையாள்பவர்), டெரிக்மேன் (கோபுரத்தின் மேலிருந்து குழாய்களைக் கையாள்பவர்), உதவி டிரில்லர், டிரில்லர் (துளைப்பொறியை இயக்குபவர்), டூல்புஷர் (துளையிடும் பணியின் மேற்பார்வையாளர்) என்று படிப்படியாக உயரலாம்; டிரில்லர் நிலைக்கு ஐ.டபிள்யூ.சி.எஃப். என்னும் கிணற்றுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் தேவைப்படும். வெல்டர், எலெக்ட்ரீஷியன், கிரேன் ஆபரேட்டர், தூக்கும் பாரத்துக்குக் கயிறு கட்டும் ரிக்கர், சமையற்காரர் ஆகியோருக்கும் அங்கே இடம் உண்டு. கரையில் இரண்டு, மூன்று ஆண்டுகள் கைத்தொழிலைத் தேற்றிக்கொண்டு போகிறவருக்கே மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மும்பை ஹை என்னும் கடற்பகுதியில் 1974இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 1976இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே போக ஜுஹுவிலிருந்து ஹெலிகாப்டர் ஏற வேண்டும். அதற்கு முன் கடல் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதில் வெளிநாட்டு ரிக்குகள் பெரும்பாலும் கேட்கும் போசியட் (கடல் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சி) சான்றிதழ் நான்கு ஆண்டுகள் செல்லும்.

அந்தப் பயிற்சியில் பலரும் அஞ்சுவது ஹெலிகாப்டர் கூண்டை நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டும் பகுதியைத்தான். ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூண்டின் அசைவு முழுவதும் நின்ற பிறகே பெல்ட்டைக் கழற்றுங்கள். அவசரப்பட்டு முன்பே கழற்றியவர் உள்ளேயே மிதந்து திசை தெரியாமல் தடுமாறுவார். பாதுகாப்புப் பயிற்சியை வெறும் சடங்காக எண்ண வேண்டாம்: 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹையில் ஒரு கப்பல் மோதி எரிவாயு கசிந்து, தளமே தீக்கிரையாகி 22 பேர் மாண்டனர்.

வேலை நாள் பன்னிரண்டு மணி நேரம். பதினான்கு நாள் கடலில், பதினான்கு நாள் கரையில் என்பது ஒரு முறை. ஒப்பந்த ரிக்குகளில் இருபத்தெட்டு நாள் முறையும் உண்டு. ஆகவே கையெழுத்துப் போடும் முன், கரையில் இருக்கும் நாட்களுக்கும் ஊதியம் உண்டா, மாற்றாள் வராமல் கூடுதல் நாள் தங்க நேர்ந்தால் என்ன தருவார்கள், காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடலில் இருந்த நாளுக்கு மட்டும் கூலி தரும் ஒப்பந்தங்களில், நாட்கூலி பெரிதாகத் தெரிந்தாலும் மாத வருமானம் பாதியாகிவிடும்.

வளைகுடா ரிக்குக்கு அனுப்புவதாகச் சொல்லும் ஏஜென்ட், வெளிநாட்டு வேலைக்கான இ-மைக்ரேட் என்னும் அரசு இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்று நீங்களே பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அம்மாவின் நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று: திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போகும் ரயிலில், ரிக்கிலிருந்து இறங்கும் நாளுக்கே டிக்கெட் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் ஹெலிகாப்டர் தாமதமாவது வழக்கம். இரண்டு நாள் தள்ளி எடுங்கள்.